வாழைச் சாம்பலும் வாடகை ஆக்ஸிஜனும்

ஏன்டி செல்வி, ஒனக்கு வேற சோலியே இல்லியா? பி.எஸ்சி படிச்சு லேபுல வேலை பாக்குறவ, ரெண்டு பஸ்ஸு மாறி காளவாசல் வந்து, நாலாப்பு தாண்டாத கெழவிகிட்ட உக்காந்துக்கிட்டு “உங்க அனுபவத்தச் சொல்லுங்கம்மா”ங்குறியே, வெக்கமா இல்ல? டிப்பார்ட்மெண்டு மலர்ல போடணுமாம். மலர்ல போட கோட்டு மாட்டுன பெரிய மனுசன் எத்தன பேரு இருக்கான். அவன் போட்டாவோட ரெடியா இருப்பான். அங்கிட்டுப் போயிக் கேளு.

என்னது? கண்ணாடிச் சாமான் கழுவ மிசினு வாங்கிட்டாகளா? அதான் பழைய கதை கேட்டு வந்தியாக்கும். நல்லதா போச்சு போ. ஆசிட்டு தெறிச்சா மிசினுக்குச் சேலை ஓட்டையாகாதுல்ல. அது கெடக்கட்டும், அந்த மிசினுல சாம்பல் போட எடம் விட்டிருக்கானா?

முழிக்கிற பாரு. இந்த முழிக்காகவே சொல்லலாம்டி. போனை அங்கிட்டுத் தள்ளி வையி. கிட்ட வச்சா என் பல்லு செட்டு பேசுறதுதான் ஒனக்குக் கேக்கும்.

நான் லேபுக்குப் பாசாகிப் போனவ இல்ல. எங்க வீட்டுக்காரரு பரவை மார்க்கெட்டுல மூடை தூக்குனவரு. ரெண்டு புள்ள ஆனப்பறம், காலேசுல கூட்டிப் பெருக்க ஆள் வேணும்னாக, போனேன். ஒரு நா கெமிஸ்ட்ரியில சாமான் கழுவுற அம்மா பிரசவத்துக்குப் போயிருக்குன்னு என்னைய அங்க தள்ளிவிட்டாக. அந்தம்மா திரும்பி வரல. நானும் திரும்பிப் போகல. அம்புட்டுதான் என் டிரெயினிங்கு. மொத வருசம் எத்தன பீக்கரு ஒடைச்சேன்னு நானும் எண்ணல. மொத வாரமே அந்த டிஸ்டில் வாட்டரக் குடிச்சுப் பாத்தேன், அம்புட்டுப் பேரும் அதப் போயி பொத்திப் பொத்தி வச்சிருக்காகளேன்னு. என் மருமக வைக்கிற ரசம் மாதிரி சப்புன்னு இருந்துச்சு. இத எழுதாத. இல்ல, எழுதிக்கோ, அவ எங்க படிக்கப் போறா.

எனக்கு மேல ராமசுப்பு சாரு. ஒல்லியா இருப்பாரு, அரைக்கை வெள்ளச் சட்டை, பையில ரெண்டு பேனா. செருப்ப லேபுக்கு வெளிய கழட்டிட்டுத்தான் உள்ள வருவாரு. கோயிலுக்குப் போறவுககூட அம்புட்டு நேரா ஜோடி சேத்து வைக்க மாட்டாக. சத்தம் போட்டு ஒரு நா நான் கேட்டதில்ல. திட்டுறதுன்னா அவருகிட்ட ஒரே சொல்லுதான்: “இன்னொரு தடவை.” அதையும் ஏதோ இன்னொரு வாய் காப்பி கேக்குற மாதிரி சொல்லுவாரு. அந்தச் சொல்லுக்கு நான் பட்ட பயம், எங்க வீட்டுக்காரரு ஓங்குன கைக்குக்கூட பட்டதில்ல.

கழுவுறதுக்கு அவரு வச்ச முறை இருக்கே, கேட்டுக்கோ. மொதல்ல ஆரஞ்சு நெறத்துல ஒரு ஆசிட்டு. அதுல சாமான ஊறப் போடணும். கைக்கு ரப்பரு ஒறை உண்டு, ஒறையில ஓட்டையும் உண்டு. பெறகு கொழாத் தண்ணியில மூணு அலசு. டிஸ்டில் வாட்டருல மூணு அலசு. அப்பறம் கவுத்தி வைக்கிறதுக்கு முன்னால வெளிச்சத்துல சாச்சுப் பாக்கணும். கண்ணாடி மேல தண்ணி, விரிச்ச சேலையாட்டம் ஒரே பரப்பா நிக்கணும். எங்கயாச்சும் கிழிஞ்சு முத்து முத்தா உருண்டா, அங்கன பிசுக்கு இருக்குன்னு அர்த்தம். சாரு அவரு ரூம்புல கதவத் தெறந்து வச்சு எழுதிக்கிட்டே இருப்பாரு. தலை நிமிராது. ஆனா காது மட்டும் என் கொழாயில இருக்கும். நான் ஒரு அலசு கொறைச்சா, “ரெண்டுதாம்மா கேட்டுச்சு”ன்னு சொல்லுவாரு. பேயி புடிச்ச காது!

நாங்க கழுவுன சாமானுலயே ரொம்ப முக்கியம், சின்னச் சின்ன பீங்கான் கிண்ணம். அதுல பொடியப் போட்டுத்தான் பர்னசுங்குற கரண்டு அடுப்புல வறுப்பாக. அதுக்கு குருசிபிள்னு பேராம். நான் குருசுன்னுதான் சொல்லுவேன். எங்க காம்பவுண்டுல குடியிருந்த எஸ்தர் டீச்சரு, மிசன் ஸ்கூல்ல வாத்திச்சி, அவுக ஒரு நா “பேச்சியம்மா, தெனமும் சிலுவையையா கழுவுற?”ன்னு கேட்டாக. “ஆமா டீச்சர், ஒங்க சாமி பாரத்தயும் சேத்து நாந்தான் சொமக்குறேன்”னேன். கோச்சுக்கல, நல்ல மனுசி.

ஒரு நா எனக்கே பொறுக்காம சாருகிட்ட கேட்டுட்டேன். “சார், கண்மை மாதிரி ஒரு கருப்புப் பொடி. அதப் போயி வருசக்கணக்கா வறுக்குறீக, அளக்குறீக. அதுக்குள்ள அப்பிடி என்னத்தத்தான் தேடுறீக?”

“ஆக்ஸிஜன்மா.”

“அது சன்னலத் தெறந்தா சும்மா வருதே சார்.”

அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. “நீ எங்க குடியிருக்க?”

“காளவாசல்ல சார். காம்பவுண்டு வீடு. எட்டுக் குடித்தனம்.”

“வீட்டுச் சொந்தக்காரர் எங்க இருக்கார்?”

“அவரு உள்ள, பெரிய வீட்டுல. நாங்கல்லாம் வாசப் பக்கம் வரிசையா.”

“அதேதான். இந்தப் பொடி கோபால்ட்டு ஆக்சைடு. இதுக்குள்ள இருக்கிற ஆக்ஸிஜன் சொந்த வீட்டுக்காரன். லேசுல வெளிய வர மாட்டான். மேல, வெளிப்பக்கம் ஒட்டிட்டு இருக்கிறவன் வாடகைக்காரன். சூடு காட்டினா காலி பண்ணிட்டுப் போவான். அவன் போன எடத்துல காத்துலேர்ந்து வேற ஆக்ஸிஜன் வந்து குடியேறும். வேலை எல்லாம் அந்த வாசல்லதான் நடக்குது. வண்டிப் புகையில வர்ற விஷத்தை மாத்திவிடுறதும் வாசல்ல இருக்கிறவன்தான். எவ்வளவு சூட்டுல அவன் காலி பண்றான்னு தெரிஞ்சா, இந்தப் பொடி எதுக்கு உதவும்னு தெரிஞ்சிடும்.”

“அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துருவாகளா சார்?”

சிரிக்கல மனுசன். ரெண்டு நா கழிச்சு பாடம் எடுத்துக்கிட்டு இருக்கையில தனியாச் சிரிச்சாராம். புள்ளைக பயந்துருச்சுக.

அன்னையிலருந்து எனக்கு அந்தப் பொடி மேல ஒரு ஒட்டுதல். நம்ம சாதி சனம் மாதிரில்ல. ஆயுத பூசைக்கு பர்னசு மேல மூணு பட்டை, குங்குமம், கதவுக்கு மாலை, எல்லாத்துக்கும் சாரு விடுவாரு. சாம்பிராணி மட்டும் வராண்டாவத் தாண்டக் கூடாது. “புகை உள்ள வந்தா வாசல் முழுக்க அடைச்சிடும்மா”ன்னுட்டாரு. நான் சாம்பிராணித் தட்ட வெளியவே வச்சு, பொகைய முந்தானையால தெருப் பக்கம் தள்ளிவிட்டுக்கிட்டு நின்னேன். சாமிக்கே வாச்மேன் வேலை பாத்தவடி நான்.

அப்பத்தான் தமிழரசி வந்தா. மேலூர்க்காரப் புள்ள. அவ அப்பா கல்லுப் பட்டறையில பாலீசு போடுறவரு. புள்ள டாக்டருப் பட்டத்துக்குப் படிக்குதுன்னதும், மேலூரு பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கிறவன் பூராம் அவருகிட்ட ஊசி போட நா கேக்க ஆரம்பிச்சுட்டான். “அந்த டாக்டரு இல்லப்பா”ன்னு அவரு சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டாராம். அரசி என்னைய அக்கான்னுதான் கூப்புடுவா. பஸ்ஸு லேட்டானா சாப்பாட்டு டப்பாவ என் சிங்குக்குப் பக்கத்துல வச்சு நின்னுக்கிட்டே தின்னுருவா.

அவ வேலை இப்பிடி. ரோஸ் மில்க் மாதிரி ஒரு தண்ணி. அதுல மூக்கத் தொளைக்கிற அம்மோனியாவச் சொட்டுச் சொட்டா விட்டா, அடியில வண்டல் எறங்கும். வடிகட்டி, காய வச்சு, கிண்ணத்துல போட்டு பர்னசுல வறுத்தா கருப்புப் பொடி. பெறகு அத யூ மாதிரி வளைஞ்ச கொழாயில வச்சு, ஒரு பக்கம் கேசு விட்டு, கொஞ்சங் கொஞ்சமாச் சூடு ஏத்துவா. ஆக்ஸிஜன் வெளிய வந்தா மிசினுல இருக்குற பேனா காயிதத்துல கோடு ஏறி ஒரு மேடு போடும். மத்த ஊருல எல்லாம் சூடு ரொம்ப ஏறுனப்பறம்தான் மேடு வருமாம். நம்ம அரசிக்குப் பாதி வழியிலயே வந்துச்சு. ஒரு தடவை இல்ல, ஒன்றரை வருசமா. சாரு அந்தக் காயிதத்த மடியில விரிச்சு வச்சு, பேரன் தலையத் தடவுற மாதிரி மேட்டத் தடவுவாரு. பட்டத்துக்கு அவ எழுதுற புத்தகத்துல பெரிய பாடமே அதுதான்.

இப்ப என் லட்சணத்துக்கு வாரேன்.

மத்தவுக சாமானு எல்லாம் கண்ணாடி. ஆசிட்டுலயே கறை போயிரும். அரசியோட பீங்கான் கிண்ணத்துல மட்டும் கருப்பு அப்பிடியே புடிச்சுக்கிரும். ஆசிட்டுல ஊறப் போட்டுப் போட்டு என் விரலு ரெண்டு மஞ்சளாகி, நகம் பேந்து போச்சு. சீ போன்னு, ஒரு நா வீட்டுலருந்து தூக்குவாளியில சாம்பலும் தேங்கா நாரும் கொண்டாந்தேன். சும்மாச் சாம்பல் இல்ல. எங்க வீட்டுக்காரரு மார்க்கெட்டுலருந்து தாரு சுத்தி வர்ற வாழச் சருகக் கட்டுக் கட்டாக் கொண்டாருவாரு. வெந்நி போட அதத்தான் எரிப்போம். அந்தச் சாம்பல் இருக்கே, தண்ணி பட்டா சோப்பு மாதிரி வழுக்கும். பின்பக்கம் குந்திக்கிட்டு நாலு தேய்ப்பு, கிண்ணம் பளிச்சுன்னு ஆகிரும். பெறகு உள்ள வந்து கொழாயில மூணு, டிஸ்டில் வாட்டருல மூணு. சாரு காதுக்கு ஆறு அலசு. சாம்பல் காதுல விழுமா? விழாதுல்ல. அப்பிடியே ஓட்டிட்டேன்டி ஒன்றரை வருசம்.

அந்த நேரத்துலதான் வடக்க இருந்து ஒரு பெரிய சாரு வந்தாரு. நம்ம சாரும் அரசியும் சேந்து எழுதுனதப் படிச்சு, அதே மாதிரி அவரு ஊருல செஞ்சு பாத்தாராம். மேடு வரலியாம். நேருல பாக்கணும்னு ஒரு வாரம் தங்க வந்துட்டாரு. நல்ல ஒசரம், வெள்ளை மீசை, தமிழு ஒரு சொல்லு தெரியாது.

பெரிய மனுசன் வாராரு, நம்ம சாரு மானம் போகக் கூடாதுன்னு நான் என்ன செஞ்சேன் தெரியுமா? தீவாளிச் சேலையக் கட்டிக்கிட்டுப் போயி, ஸ்டோருல புதுக் கிண்ணமா வாங்கி, சாம்பலப் பக்கத்துலயே விடாம, ஆசிட்டுல ராத்திரி பூரா ஊற வச்சு, முறைப்படி கழுவுனேன். என் வாழ்க்கையில அம்புட்டு ஒழுங்கா நான் ஒண்ணுமே கழுவுனதில்ல.

திங்கக்கெழமை பேனா நேராப் போச்சு. மேடு இல்ல. செவ்வாக்கெழமையும் இல்ல. புதன்கெழமை அரசி ஒரு கொழாய ஒடைச்சா, திரும்பப் போட்டா, அப்பவும் இல்ல. பெரிய சாரு காயிதத்தச் சுருட்டி மெதுவா மேசையில வச்சு இங்கிலீசுல என்னமோ சொன்னாரு. எனக்குப் புரிஞ்சது “நோ” ஒண்ணுதான். அது போதுமே.

சாயங்காலத்துக்குள்ள வராண்டா பூராம் பேச்சு. “நம்பரக் கையால எழுதிக்கிட்டாபோல”ன்னான் ஒருத்தன். “மேட்ட அவளே வரைஞ்சிருப்பா”ன்னான் இன்னொருத்தன். வியாழக்கெழமை காலையில சாரு அவளக் கூப்புட்டு, “நோட்டு எல்லாத்தையும் கொண்டு வாம்மா. அந்த அத்தியாயத்தை எடுத்துடலாம்”னாரு. கோவமாச் சொல்லல. அவ மூஞ்சியப் பாக்காமச் சொன்னாரு. அதுதான் கொடுமை.

அரசி நேரா என் சிங்குகிட்ட வந்து நின்னா. கண்ணுல தண்ணி இல்ல, காஞ்சு போயி இருந்துச்சு.

“அக்கா, கிண்ணத்த எப்பவும் போலத்தான கழுவுனீக?”

“ஆமாத்தா, எப்பவும் போலத்தான்.”

பட்டுன்னு வந்துருச்சு வாயில. ஏன்னு கேக்குறியா? என்னைய நெரந்தரமாக்குற ஆர்டரு அப்பத்தான் சாரு மேசைக்கு வந்திருந்துச்சு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. பத்து வருசமா டெம்பரவரிடி நான். வாடகைக்காரி.

“அப்பா இன்னைக்குக் காலையிலகூட கேட்டுச்சுக்கா, பெரிய சாரு என்ன சொன்னாருன்னு. மேலூருக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?” அவ நோட்டுகளத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. சாப்பாட்டு டப்பா என் சிங்குலயே கெடந்துச்சு, தெறக்கவே இல்ல.

அந்த டப்பாவக் கையோட வீட்டுக்குக் கொண்டாந்து, காம்பவுண்டுக் கொழாயடியில போட்டுச் சாம்பல் வச்சுத் தேய்ச்சேன். பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் கொடத்தோட நின்னா. அவளுக்கு என் கையால கழுவுன சட்டியக் கண்டாலே ஆகாது.

“மதினி, நேத்து நீங்க குடுத்த கொழம்புச் சட்டியில அம்புட்டும் சாம்பல் ருசி. நீங்க மூணு தடவ அலசுனாலும் முப்பது தடவ அலசுனாலும் அது போகாது போங்க. அடி தேஞ்ச சட்டியில சாம்பல் குடியேறுச்சுன்னா குடியேறுனதுதான்.”

எப்பவும் திருப்பி நாலு குடுப்பேன். அன்னைக்குக் கையில நாரு அப்பிடியே நின்னுருச்சு. குடியேறுச்சுன்னா குடியேறுனதுதான்.

அரசி கிண்ணம் அம்புட்டும் நான் தேய்ச்சுத் தேய்ச்சு உள்பக்கம் வழவழப்புப் போன கிண்ணம். ஆறு அலசு அலசுனாலும் அதுலருந்து சாம்பல் போயிருக்குமா?

வெள்ளிக்கெழமை. தலைக்குக் குளிச்சு, மஞ்சப் பூசி, தூக்குவாளி நெறையச் சாம்பல எடுத்துக்கிட்டுப் போனேன். சாரு ரூம்புல பெரிய சாருவும் எதுத்தாப்புல உக்காந்திருந்தாரு. என் ஆர்டரு மேசை ஓரத்துல, பேப்பரு வெயிட்டுக்கு அடியில.

“சார், ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லும்மா.” எழுதிக்கிட்டே இருக்காரு.

“நான் கிண்ணத்த ஆசிட்டுல கழுவல சார்.”

“எந்தக் கிண்ணத்தை?”

“அரசி கிண்ணம் எல்லாத்தையும். இந்த வாரத்துக்குத்தான் ஒழுங்காக் கழுவுனேன். அதுக்கு முன்னால பூராம் வாழச் சாம்பல்.” தூக்குவாளிய மேசையில வச்சேன், ஆர்டருக்குப் பக்கத்துலயே. “அந்தப் புள்ள பொய் எழுதல சார். பொய் சொன்னது நான்தான். நேத்துக்கூட அவ கேட்டா, எப்பவும் போலத்தான் கழுவுனேன்னு சொல்லிட்டேன்.”

பேனா நின்னுருச்சு. பெரிய சாரு என்னன்னு கேட்டாரு, இவரு இங்கிலீசுல சொன்னாரு. அந்த மீசை அப்பிடியே தூக்குவாளிக்குள்ள எட்டிப் பாத்துச்சு. பெறகு நம்ம சாரு சொன்னாரு:

“இன்னொரு தடவை.”

காதுல விழலபோலன்னு நான் திரும்பவும் மொதல்லருந்து ஆரம்பிச்சேன், “சார், நான் கிண்ணத்த ஆசிட்டுல...”

“சொல்ல வேண்டாம்மா. கழுவு. அதே மாதிரி இன்னொரு தடவை கழுவு.”

பழைய கிண்ணம் ஒண்ண எடுத்து, அவுக கண்ணு முன்னாலயே குந்தித் தேய்ச்சேன். ஆறு அலசும் அலசுனேன். சாரு அதுல சுடுதண்ணி ஊத்தி, கொஞ்ச நேரம் வச்சிருந்து, “விரலை விடு”ன்னாரு. விட்டேன். நகத்தோரத்துல இருந்த பூசு மஞ்சா செவசெவன்னு ஆயிருச்சு, மஞ்சாவுல சுண்ணாம்பு பட்ட மாதிரி. ஆறு அலசுக்கு அப்பறமும் சாம்பல் அங்கனயே உக்காந்திருக்கு! சாரு என் விரலையே பாத்தாரு. கையெடுத்துக் கும்புடப் போறாரோ கையப் புடிச்சு வெளிய தள்ளப் போறாரோ, ஒண்ணும் தெரியல.

அப்பறம் நாலு கிண்ணம். ரெண்டு சாம்பல், ரெண்டு ஆசிட்டு. அடியில சாரு ஒரு குறி போட்டாரு, அவருக்கு மட்டுந்தான் தெரியும். அரசியக் கூப்புட்டு நாலையும் குடுத்தாரு, எது எதுன்னு சொல்லல. ஒரே வண்டல நாலா பிரிச்சுப் போட்டு, ஒரே பர்னசுல வறுத்தா. மறுநா சனிக்கெழமை காலையிலருந்து ஒவ்வொண்ணா மிசினுல ஏத்துனா. பெரிய சாரு பேனாவுக்குப் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்துட்டாரு. கழுவுனவளுக்குக் குறி இல்லாமலே கிண்ணம் அடையாளம் தெரியுமே, வாயத் தெறந்துருவேன்னு என்னைய வராண்டாவுல உக்கார வச்சுட்டாக.

மொத கிண்ணம். அரசி வெளிய வந்து ஒதட்டப் பிதுக்குனா.

ரெண்டாவது. ரொம்ப நேரம். நாற்காலி கிறீச்சுன்னு நகர்ற சத்தம். எந்திரிச்சு எட்டிப் பாத்தேன். பேனா மேல ஏறுது. பாதி வழியில. ஏறி, நின்னு, எறங்கி, அழகா ஒரு மேடு.

மூணாவதும் மேடு. நாலாவது நேர்கோடு. சாரு கிண்ணத்தக் கவுத்தி அடியக் காட்டுனாரு. ரெண்டும் மூணும் சாம்பல்.

பெரிய சாரு மேசையில ஓங்கி ஒரு அடி அடிச்சு, சிரிச்சுக்கிட்டே என்னையக் கையக் காட்டி “புரமோட்டர்! புரமோசன்!”னாரு. “ஏத்தா அரசி, எனக்கா புரமோசன்?”னு கேட்டேன். அவ சிரிக்கவும் செய்யுறா, அழுகவும் செய்யுறா. “ஒங்களுக்கு இல்லக்கா, சாம்பலுக்கு”ங்குறா.

பெறகு வெளக்கிச் சொன்னா. வாழச் சாம்பல்ல பொட்டாசியம்னு ஒண்ணு நெறைய இருக்காம். அது ஒரு துளி கிண்ணத்துலருந்து பொடி மேல ஏறி வாசல்ல உக்காந்துக்கிருதாம். உக்காந்து, வாடகைக்கார ஆக்ஸிஜனோட பிடிமானத்தத் தளத்திவிட்டுருதாம். அதான் கொஞ்சச் சூட்டுக்கே அவன் காலி பண்ணிட்டு ஓடுறான். அப்பிடி வேலைய வெரசாக்கி விடுறதுக்குப் பேருதான் புரமோட்டராம். வடக்க அந்த ஊருல யாரு வாழச் சாம்பலப் போட்டுக் கிண்ணம் வெளக்குறா? அதான் அங்க வரல. எங்கிட்டயும் நான் ஒழுங்காக் கழுவுன மூணு நா வரல.

அரசி அந்தப் பாடத்த எடுக்கல. சாம்பலுக்குப் பதிலா பொட்டாசியத்தச் சுத்தமா அளந்து போட்டு, திரும்ப ஒரு வருசம் வேலை பாத்து எழுதுனா. பட்டமும் வாங்குனா. புத்தகத்துல எம்பேரு இங்கிலீசுல இருக்காம், எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது, தடவித் தடவி அந்தப் பக்கமே கருத்துப் போச்சு. அவ அப்பா மேலூருலருந்து ஒரு கல்லு அம்மி பாலீசு போட்டுக் கொண்டாந்து குடுத்தாரு. அந்தா கெடக்கு பாரு. வழுக்கும், ஒண்ணும் அரைபடாது.

எனக்கு என்ன கெடச்சுச்சா? திங்கக்கெழமை சாரு கூப்புட்டு ஒரு டைப்படிச்ச காயிதம் குடுத்தாரு. மெமோ. “அந்தப் பொண்ணு தப்பிச்சா. நீ முறையை மீறினே. ரெண்டும் உண்மைம்மா. நான் ஒண்ணை மட்டும் எழுத முடியாது. ரெண்டு நாள் வீட்டுல இருந்து பதில் எழுதிட்டு வா”ன்னாரு. ஆர்டருல கையெழுத்துப் போடல. அது ஆறு மாசம் கழிச்சுத்தான் போட்டாரு. போடையில, “ரப்பர் ஒறை புதுசா சொல்லியிருக்கேன். ஓட்டை இருந்தா இனிமே சொல்லு”ன்னாரு. என் நகத்த அவரு எப்பப் பாத்தாருன்னு எனக்குத் தெரியல செல்வி. அந்த வெள்ளிக்கெழமையாத்தான் இருக்கும்.

மெமோவ மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வீடு வந்தா, உச்சி வெயிலு. காம்பவுண்டுக் கொழாயடியில மொத்தக் குடித்தனமும் நிக்கிது. பஞ்சவர்ணத்துக்கு வாயெல்லாம் பல்லு.

“என்ன மதினி, பொழுது சாயுறதுக்கு முன்னாலயே வந்துட்டீக? சீட்டக் கிழிச்சுட்டாகளா?”

“புரமோசன்டி”ன்னேன்.

“காயிதத்தக் காட்டுங்க பாப்போம். டீச்சரு படிக்கட்டும்.”

எஸ்தர் டீச்சரு மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாக. கண்ணாடியப் போட்டு ஒரு தடவ படிச்சாக. மூஞ்சி மாறுச்சு. இன்னொரு தடவ படிச்சாக. என்னையப் பாத்தாக. பொய் சொல்லத் தெரியாத பொம்பள அவுக, ஞாயித்துக்கெழம தவறாமக் கோயிலுக்குப் போறவுக. போச்சுடான்னு நின்னேன். அவுக காயிதத்துல ஒரு எடத்துல விரல வச்சு, “இந்தா, புரமோட்டர்னு போட்டிருக்கு”ன்னாக. போட்டுத்தான் இருந்துச்சு. அனுமதி இல்லாம கிண்ணத்துல புரமோட்டரச் சேத்ததுக்கு வெளக்கம் கேட்டுத்தான அந்த மெமோவே.

பஞ்சவர்ணம் வாயப் பொளந்தா. “புரமோட்டரா? ரிங் ரோட்டுப் பக்கம் கொடியக் கட்டி பிளாட்டு போட்டு விக்கிறாகளே, அந்த வேலையா?”

“அதே லைன்தான்டி. ஆனா நான் விக்கிறது இல்ல. எடத்த விடாம ஒட்டிக்கிட்டுக் கெடக்குற வாடகைக்காரனக் காலி பண்ண வைக்கிற வேலை. ரொம்பச் சூடெல்லாம் காட்ட வேணாம், வாசல்ல கொஞ்சம் சாம்பல் போட்டா போதும், தானா ஓடிருவான்னு பெரிய சாரே மேசையத் தட்டிச் சொல்லிட்டாரு. கொழம்புச் சட்டியில ருசி பாத்தவ நீதான பஞ்சவர்ணம்? வீட்டுல சாமானெல்லாம் கட்டியாச்சா?”